மூன்று பேர் சேதி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. 2002 டிசம்பரில், கோவில்பட்டியில் ராஜமணியம்மாளின் பலசரக்குக் கடை எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் பத்திரிகைக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தேன். மழை ஏமாற்றியதில் உளுந்து கருகிப்போன செய்தி. அலுவலகத்தில் கேட்டு எழுதியவர் ஏதோ எண் கொடுத்தார். குறித்துக்கொள்ள ஒரு துண்டுத் தாள் கேட்டேன். ராஜமணியம்மாள் ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து, கைக்கு வந்த பழைய தபால் கார்டை நீட்டினார். நான் வாங்குவதற்குள் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"இது வேண்டாம் தம்பி, வேற தாரேன்."

காட்டிய காகிதத்தை ஒருவர் திரும்ப இழுத்துக்கொண்டால் விட்டுவிடுகிற தொழில் அல்ல என்னுடையது. இருபது நாள் கழித்து அவரே டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "படிச்சுக்கோங்க. கடையில ஆளு வந்தா மூடி வச்சிருங்க."

2

தொடக்கம் சரியாக அமையவில்லை. எழுதிப் பார்த்தவற்றை இங்கேயே விட்டுவைக்கிறேன்.

'கடலையே பார்த்திராத மூன்று பெண்களின் பிள்ளைகள் கடற்படைக்குப் போனார்கள்.' கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். மூவரில் ஒருவரான குளத்தூர் சீனித்தாய், கல்யாணமான புதிதில் உப்பளத்தில் வேலை பார்த்தவர். கடல் அவருக்கு எட்டு மணி நேரக் கால் எரிச்சல்.

'கரிசல் மண் வெடித்துக் கிடந்த ஒரு சித்திரையில்—' (முடிக்கவில்லை. இந்தப் பக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாருக்கும் முதல் வரியிலேயே மண் வெடித்துவிடுகிறது.)

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். 1994-இல் கோவில்பட்டி ரயில் நிலையத்தில் மூன்று தாய்மார்கள் ஒரே பெட்டியின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராஜமணியின் மகன் பாலகணேஷ். கழுகுமலை வெள்ளைத்தாயின் மகன் இசக்கிபாண்டி. சீனித்தாயின் மகன் செண்பகராஜ். மூவரும் ஒரிசாவுக்குக் கடற்படைப் பயிற்சிக்குப் போகிறார்கள். அதுவரை ஒருவரை ஒருவர் அறியாத பெண்கள். வண்டி கிளம்பிய பிறகு மூன்று பேரும் ஒரே சோடாவைப் பங்கிட்டுக் குடித்ததாக ராஜமணியம்மாள் சொன்னார். வெள்ளைத்தாய்க்குச் சோடா நினைவில்லை.

பயிற்சி முடிந்து மூவரையும் ஒரே கப்பலில் போட்டார்கள். இதைக் கதைக்காக நான் செய்ததாக நினைப்பீர்கள். நானாகச் செய்திருந்தால் இரண்டு கப்பலாவது வைத்திருப்பேன்.

3

கப்பல் கடலில் இருக்கும் நாட்களில் கடிதம் இல்லை. ஏதாவது துறைமுகத்தில் நின்றால் பையன்கள் இறங்கி டெலிபோன் பூத்தில் வரிசையில் நிற்பார்கள். மூன்று வீடுகளில் போன் உள்ளது ராஜமணியின் கடையில் மட்டும். ஆகவே பாலகணேஷ் தன் அம்மாவிடம் மூவரின் சேதியையும் சொல்லிவிடுவான். அதை அவர் கார்டில் எழுதிக் கழுகுமலைக்கு அனுப்புவார். வெள்ளைத்தாய் ஐந்தாவது வரை படித்தவர். அதைப் பார்த்து அப்படியே தன் கையால் இன்னொரு கார்டில் எழுதிக் குளத்தூருக்கு அனுப்புவார். சீனித்தாய், கிடைத்தது என்று கோவில்பட்டிக்கு எழுதுவார். வட்டம் முடிந்தது.

இதற்கு ஒரு விதி வைத்திருந்தார்கள். கார்டு போனால் மூன்று பேர் சேதியும் இருக்க வேண்டும். இரண்டு பேர் சேதியோடு ஒரு கார்டு போகக்கூடாது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் பேரு மட்டும் வந்தா, மூணாமத்தவ அன்னைக்கு உலை வைப்பாளா?" என்றார் ராஜமணியம்மாள்.

ராஜமணி அனுப்பி, கழுகுமலையில் வெள்ளைத்தாய் சேர்த்து வைத்திருந்த நான்கு வருடக் கார்டுகளைப் பிறகு வாசித்தேன். பெரும்பாலும் ஒரே மாதிரி. பாலகணேஷ் சுகம், பல்வலி போய்விட்டது. செண்பகராஜ் சுகம், அப்பாவை வெயிலில் அலைய வேண்டாம் என்றான். இசக்கிபாண்டி சுகம், கறுப்பாட்டுக்குக் கால் சரியாகிவிட்டதா என்று கேட்டான். இப்படியே எழுபத்தொரு கார்டு. அலுப்பாக இருக்க வேண்டும். எனக்கு ஒன்றையும் தாண்டிப் போக முடியவில்லை.

4

1998 ஜூன். பாலகணேஷ் பம்பாயிலிருந்து பேசினான். தன் சேதியைச் சொன்னான், செண்பகராஜ் சேதியைச் சொன்னான். "இசக்கி எங்கலே?" என்று ராஜமணி கேட்டார்.

"இருக்கான்ம்மா. பின்னால ஆளு நிக்காவ, வைக்கேன்."

வைத்துவிட்டான். ராஜமணி கார்டை எடுத்து இரண்டு பேர் சேதியை எழுதினார். மூன்றாவது இடம் காலி. விதிப்படி இந்தக் கார்டு போகக்கூடாது. போகாவிட்டால், கப்பல் பம்பாய்க்கு வந்திருப்பதைப் பத்திரிகையில் பார்த்து யாராவது சொல்லி, இரண்டு தாய்மார்களும் கார்டு வரவில்லையே என்று கிடப்பார்கள்.

'இசக்கிபாண்டி நல்ல சுகம். உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறான்' என்று எழுதித் தபால் பெட்டியில் போட்டார்.

இந்த இடத்தில் ராஜமணியம்மாளுக்கு ஓர் உயர்ந்த காரணத்தை எழுதிவைத்திருந்தேன். ஒரு தாயின் மனம் இன்னொரு— (அடித்துவிட்டேன்.) அவரிடமே கேட்டேன். "பயம் தம்பி. வேற என்ன? எழுதி முடிச்சதும் கை வேர்த்துட்டு. பொய்க் கணக்கு எழுதுத கடைக்காரி மாதிரி சுத்திமுத்தும் பாத்தேன்."

இரண்டு வாரத்தில் குளத்தூரிலிருந்து பதில் வந்தது. அதுதான் என் கைக்கு வருமுன்பே பறிபோன கார்டு. 'கார்டு கிடைத்தது. பாலகணேஷ், செண்பகராஜ் சுகம் என்று அறிந்தேன். இசக்கிபாண்டி மயிலை ஆடு ஈன்றுவிட்டதா என்று கேட்டது அறிந்தேன். இப்படிக்கு சீனித்தாய்.'

ராஜமணி எழுதிய கார்டில் ஆடே இல்லை.

5

கழுகுமலைக்குப் போனேன். வெள்ளைத்தாய் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, தீப்பெட்டி ஆலைக்காகத் தீக்குச்சிகளை மரச் சட்டத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். பேசும்போதும் விரல் நிற்கவில்லை. குச்சியைப் பார்க்கவும் இல்லை. பின்னால் பட்டியில் ஆடுகள், சில சாம்பல் படர்ந்த மயிலை நிறம்.

"எம்மவன் சேதி சொல்லுத ஆளு இல்ல அண்ணாச்சி," என்றார். "கேள்வி கேக்குத ஆளு. அது எப்படி இருக்கு, இது எப்படி இருக்குன்னு ஆட்டையே கேப்பான். அம்மா எப்படி இருக்கன்னு ஒரு நாள் கேட்டதில்ல, எடுபட்ட பய. அன்னைக்கு கார்டுல கேள்வியே இல்ல. உடம்பு தேறியிருக்கானாம். அவன் என்னைக்கு உடம்பு தேறினான்? அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது ராஜமணியக்கா கைச்சரக்குன்னு."

"அப்புறம் அதையே குளத்தூருக்கு எழுதினீங்களே?"

"எழுதாம? சீனி பாவம்லா. ஒரே கப்பலு. எம்மவனுக்கு ஒண்ணுன்னா அவ மவனுக்கும் என்னமோன்னுதான் நெனப்பா. ஆனா இந்தக் கார்டை அப்படியே அனுப்பினா அவளும் கண்டுபிடிச்சிருவா. அதான் மயிலை ஆட்டச் சேத்தேன்."

நான் எழுதுவதை நிறுத்தினேன். இருபது வருடமாக மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியும் இருக்கிறேன், என்னுடையதைத் திருத்தக் கொடுத்தும் இருக்கிறேன். தன் மகனைப் பற்றிய பொய்யைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எது குறைகிறது என்று பார்த்து, ஒரே ஒரு வரியால் உயிர் கொடுத்து அனுப்பிய ஒருவரை அதற்கு முன் சந்தித்ததில்லை.

"நேரா கோவில்பட்டிக்குப் போயி, எம்மவனுக்கு என்னன்னு கேட்டிருக்கலாமே?"

அப்போதுதான் விரல் நின்றது. "கேட்டா பதில் வந்துரும்லா," என்றார்.

6

ஆக, ஜூன் முடியும்போது நிலைமை இது. கழுகுமலையில் ஒரு தாய்க்குத் தன் மகன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாது; கேட்கவும் துணிவில்லை. கோவில்பட்டியில் இன்னொரு தாய்க்கு, தான் எழுதாத ஆடு ஒன்று வட்டம் சுற்றித் தன்னிடமே வந்திருப்பது தெரியும்.

ஜூலையில் பாலகணேஷ் மறுபடி பேசினான். இந்த முறையும் இசக்கியைப் பற்றி "சொகமா இருக்கான்" என்றதோடு சரி. ராஜமணி எழுதிய இரண்டாவது கார்டை வெள்ளைத்தாய் எனக்குக் காட்டினார்: 'இசக்கிபாண்டி சுகம். மயிலை போட்டது கிடாவா பெட்டையா என்று கேட்கிறான்.'

அவர் சேர்த்த ஆட்டை இவர் எடுத்துக்கொண்டார். நீ கண்டுபிடித்தது எனக்குத் தெரியும், எனக்கும் ஒன்றும் தெரியவில்லை, நான் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்— இவ்வளவையும் அந்தக் கார்டில் நான் வாசிக்கிறேன். அதில் இருப்பது ஆடு மட்டுமே.

நான்கு வருடத்தில் முதன்முறையாக, வெள்ளைத்தாய் குளத்தூர்க் கார்டை எழுதி முடித்தபின் கோவில்பட்டிக்கு நேராகவும் ஒரு கார்டு போட்டார். 'மயிலை ரெண்டு குட்டி. ரெண்டும் பெட்டை. அவனிடம் சொல்லவும்.'

ஆகஸ்ட் முதல் வாரம் போன் வந்தபோது, மகன் பேச ஆரம்பிக்கும் முன்பே ராஜமணி சொன்னார்: "ஏலே, இசக்கிட்ட சொல்லு, மயிலை ரெண்டு போட்டிருக்காம். ரெண்டும் பெட்டை. அவங்கம்மா சொல்லச் சொன்னா."

அந்தப் பக்கம் பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவது கேட்டதாம். பிறகு பாலகணேஷ் சொன்னான். "அம்மா, அவன் கப்பல்ல இல்ல. கொச்சியில ஆசுபத்திரியில கெடக்கான். எஞ்சின் ரூம்ல நீராவி அடிச்சு வலது கை வெந்துபோச்சு. ஜூன் மாசமே. உசுருக்கு ஒண்ணுமில்ல. அவனா எழுதுத வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு எங்க ரெண்டு பேருட்டயும் சத்தியம் வாங்கிட்டான். எழுத்துதான் வர மாட்டேங்கு."

ராஜமணி கடையைப் பூட்டினார். பகல் பதினொரு மணிக்கு அந்தக் கடை பூட்டியதைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். கழுகுமலை பஸ் ஏறினார்.

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

அ) ராஜமணியைத் தெருமுனையில் பார்த்ததுமே வெள்ளைத்தாய் மயங்கி விழுகிறார். (குச்சியைப் பார்க்காமலே சட்டம் அடுக்குகிற பெண். விழமாட்டார்.)

ஆ) இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அழுதிருக்கலாம். நான் பார்க்கவில்லை.)

இ) ராஜமணி எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்க, வெள்ளைத்தாய்—

அன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று கோவில்பட்டியில் கேட்டேன். "குட்டியப் பாத்துட்டு வந்தேன்," என்றார் ராஜமணியம்மாள். கழுகுமலையில் தனியாகக் கேட்டேன். "குட்டியப் பாக்க வந்தா," என்றார் வெள்ளைத்தாய். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. மறுநாளே இருவரும் கொச்சிக்கு ரயில் ஏறியதும், கட்டுப் போட்ட கையோடு இசக்கிபாண்டி முதலில் கேட்டது ஆட்டைத்தான் என்பதும் மட்டும் தெரியும். இப்போது அவனுக்கு இரண்டு விரல் மடங்காது. கரையில் பண்டகசாலை வேலை கொடுத்திருக்கிறார்கள்.

7

இங்கேயே முடித்து அனுப்பிவிட இருந்தேன். கடைசியாக ஒருமுறை சரிபார்க்க அந்த ஜூன் மாதக் கார்டை எடுத்தேன்.

'பாலகணேஷ், செண்பகராஜ் சுகம் என்று அறிந்தேன். இசக்கிபாண்டி மயிலை ஆடு ஈன்றுவிட்டதா என்று கேட்டது அறிந்தேன்.'

டப்பாவிலிருந்த சீனித்தாயின் மற்ற எல்லாக் கார்டுகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 'மூன்று பேரும் சுகம் என்று அறிந்தேன்' என்றுதான் இருக்கிறது. வெள்ளைத்தாயைக் கேட்டேன்; அந்த முறையும் இசக்கி சுகம் என்றுதான் அவருக்கு எழுதினாராம். இந்த ஒரு கார்டில் மட்டும் சீனித்தாய் இரண்டு பேருக்கே சுகம் போட்டிருக்கிறார். மூன்றாவது பெயருக்கு ஆட்டை மட்டும் போட்டுக் கோவில்பட்டிக்கு அனுப்பியிருக்கிறார்.

அவர் மகன் செண்பகராஜ் சத்தியத்தை மீறி வீட்டுக்குத் தனியே எழுதியிருந்தானா? யாரைக் காப்பாற்றுவதாக மற்ற இருவரும் இவ்வளவு பாடுபட்டார்களோ, அவருக்குத்தான் முதலில் தெரியுமா? தெரிந்தே, ராஜமணியின் கண்ணில் படட்டும் என்று ஆட்டைத் தனியே பிரித்து வைத்தாரா? அல்லது கார்டில் இடம் போதாமல் ஒரு சொல் விட்டுப்போனதா?

குளத்தூருக்குப் போனேன். சீனித்தாய் களத்தில் மிளகாய் வற்றல் கிளறிக்கொண்டிருந்தார். நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அவர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"வெள்ளைத்தாய் அனுப்பின கார்டெல்லாம் இருக்கா?"

"கறையான் தின்னுட்டு."

"செண்பகராஜ் கடுதாசி?"

"அதையுந்தான்."

ஜூன் கார்டை நீட்டினேன். வாங்கினார், தூரத்தில் பிடித்து வாசித்தார், என் சட்டைப் பையில் அவரே திரும்ப வைத்தார்.

"எழுதி முடிச்சிட்டீங்களா அண்ணாச்சி?"

"ரெண்டு பேர் சேதி எழுதிட்டேன்."

"ரெண்டு பேர் சேதியோட அனுப்பக்கூடாதே," என்று சொல்லிவிட்டு வற்றலைக் கிளறப் போய்விட்டார்.

அதனால் இதை இப்படியே அனுப்ப எனக்கு உரிமையில்லை. நானே ஒன்றை எழுதிச் சேர்க்கலாம். நாலாவது ஆளாக அந்த வட்டத்தில் நுழையும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. கார்டு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பார்த்து அப்படியே எழுதுவதுதான் வழக்கம். தேவைப்பட்டால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்மாதிரி உண்டு.

ராஜமணி சுகம்.

வெள்ளைத்தாய் சுகம். மயிலையின் பேத்தி சினையாக இருக்கிறது.

சீனித்தாய்