அவன் கையால ஒரு வாய்த் தண்ணி

கப்பல்ல ஏறுன மொத நாளுக்குப் பொறவு எங்க வீட்டுக்காரரு வீரணன் சாப்பாட்டு ஹால் பக்கம் தல வச்சுக்கூடப் படுக்கல. எங்க ஊரு மம்சாபுரத்துல இருந்து நான் கட்டிட்டு வந்த புளிச்சோறும் முறுக்குமா ஓட்டிட்டாரு. அதுவும் தீந்து நேத்து வெறும் அவலு. வழியில இலங்கை மலையெல்லாம் பச்சப்பசேல்னு தெரியுதுன்னு சனம் போட்டாவா எடுத்துத் தள்ளுச்சு. நான் எங்கத்தப் பாக்க? இன்னைக்குக் கடைசி நாளு. சாயந்தரம் சென்னையில எறக்கி விட்டுருவாக.

எல்லாம் ஒரு சொல்லால வந்த வினை. எம்மவன் பாண்டிச்செல்வம் போலீஸ் செலக்சனுக்குப் போகாம ஓட்டல் படிப்புக்குப் போயிட்டான். இவரு ராணுவத்துல இருந்து வந்த மனுசன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல வச்சு, ஊர்க்காரக அம்புட்டுப் பேரு முன்னாடியும், "எச்சித்தட்டு எடுக்கவாலே ஒன்னப் பெத்தேன்? செத்தாலும் ஒங் கையால பச்சத்தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்"னுட்டாரு. எங்க பக்கம் அப்படிச் சொல்லிட்டா சொன்னதுதான். எதுத்த எதுத்த வீட்டுல இருந்துக்கிட்டு, ஒரு வாய்த் தண்ணி வாங்கிக்கிடாமலே செத்துப்போன அண்ணந்தம்பிக உண்டு. அன்னைக்குப் போனவன்தான் எம்மவன். இப்ப இந்தக் கப்பல்லதான் பரிமாறுற வேலை.

இப்படியே விட்டா என் பொணத்துக்கு முன்னாடிதான் ரெண்டும் ஒண்ணா நிக்கும்னு நாந்தான் பொய் சொன்னேன். இவருகிட்ட, "நகைக்கடைக் குலுக்கல்ல கப்பல் டூரு விழுந்திருக்கு"ன்னேன். அவங்கிட்ட, "ஒங்கப்பா ஒன்னப் பாக்கணும்னு ஏங்கிப் போயிருக்காருலே"ன்னேன். பய ஓடி ஓடி டிக்கெட் எடுத்தான். நெசத்தச் சொன்னா வருவாகளாக்கும்? மொத நாளு ஹால் வாசல்ல அவன் தட்டோட நிக்கறதப் பாத்துட்டு, வந்த காலோட திரும்பிட்டாரு.

இன்னைக்குக் காலையில கப்பல் நல்லா ஆடுச்சு. மேல்தளத்துல ஒரு பெரியவரு வாந்தி எடுத்துட்டாரு. பாண்டிச்செல்வம் ஓடிவந்து அவரு மூஞ்சியத் தொடச்சு, வாய் கொப்புளிக்க வச்சு, தோள்ல சாச்சுக் கூட்டிட்டுப் போனான். இவரு ஒரு ஓரமா நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு.

"ஏட்டி வெள்ளத்தாயி, அந்தப் பெரியவரு யாரு? நமக்குத் தெரிஞ்ச ஆளா?"

"யாரோ."

பொறவு, "பய நல்லாத்தாம்ட்டி பாக்கான்"னாரு.

மத்தியானம் குளிச்சு, வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு, "வாட்டி, சாப்பிடப் போவோம். அவங்கிட்டயே தண்ணி கேட்டு வாங்கிக் குடிக்கேன். சொன்ன சொல்லு போனாப் போவுது, கழுத"ன்னாரு. எனக்குக் காலு தரையில பாவல. ஸ்ரீவில்லிபுத்தூரு இருக்குற தெசை தெரியல, ஏதோ ஒரு பக்கம் பாத்து ஆண்டாளக் கும்பிட்டுக்கிட்டேன்.

ஹால்ல போயி உக்காந்தோம். எங்களப் பாத்ததும் அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கூட வேல பாக்குற தவசிமுத்து கையில தண்ணி ஜக்கக் குடுத்து, காதுல என்னமோ சொல்லிட்டு, விறுவிறுன்னு சமையக்கட்டுக்குள்ள போயிட்டான்.

"பாத்தியா?"ன்னாரு இவரு. "நான் எறங்கி வந்தா, அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறான்."

நான் சமையக்கட்டு வாசலுக்கு ஓடுனேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தான்.

"ஏலே, கூறுகெட்டவனே! ஒங் கையால தண்ணி குடிக்கத்தாம்லே வந்திருக்காரு!"

"பட்டினி தாங்காம வந்திருக்காரும்மா. நான் நின்னா எந்திரிச்சுப் போயிருவாரு. மொத நாளு போகலயா?"

"இல்லலே, சத்தியமா..."

"சத்தியம் வேற பண்ணாத. என்னைப் பாக்க ஏங்குதாருன்னு நீதான சொன்ன?"

திரும்ப இவருகிட்ட ஓடியாந்தேன். "ஏங்க, நீங்க பட்டினியாப் போயிரக் கூடாதுன்னுதான் ஒதுங்கி நிக்கான்."

"குலுக்கல்ல விழுந்த கப்பல்ல வந்து உக்காந்திருக்கேன். இன்னமும் நீ சொல்றத நான் நம்பணுமாக்கும்?"

என்னத்தச் சொல்ல! என் வாயில இருந்து வந்தா நெசமும் பொய்யாத்தான் தெரியுது ரெண்டு பேருக்கும்.

இவரு தவசிமுத்துவக் கைதட்டிக் கூப்பிட்டாரு. "தம்பி, தண்ணி ஊத்துப்பா. சோத்தப் போடு. ஒங் கையால சாப்பிடுதேன்." உள்ள கேக்கட்டும்னே சத்தமாச் சொன்னாரு. வீம்புக்கு அள்ளி அள்ளித் தின்னாரு. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கி. காரம்னாரு. தட்டுல கெடந்தது தயிர்சோறு.

எனக்குப் பொறுக்கல. மறுபடி கதவுகிட்டப் போனேன். எம்மவன் கண்ணாடி வழியா அவரையே பாத்துக்கிட்டிருந்தான். அவன் மூஞ்சியில அம்புட்டுச் சந்தோசம்.

"ரெண்டாந் தடவ வாங்குதாரும்மா"ன்னான். "நான் கண்ணுல படாட்டி நல்லாத்தான் சாப்பிடுதாரு. அடுத்த மாசம் வெளிநாட்டுக் கப்பலுக்குக் கூப்பிட்டாக. போவோமா வேண்டாமான்னு கெடந்தேன். போயிருதேம்மா. இனி ஊருப் பக்கம் வரல. அவராச்சும் நிம்மதியா இருக்கட்டும்."

"போகாதலே, என் ராசா"ன்னு அவன் கையப் பிடிச்சேன். உள்ள யாரோ கூப்பிட்டாக. கைய உருவிக்கிட்டுப் போயிட்டான். அந்தப் பக்கம் இவரு இன்னுங் கொஞ்சம் சோறு போடச் சொல்லிக்கிட்டிருந்தாரு.