தூள் கடைக்கு உரிமையாளர்

காலிதீனுக்குப் பொதுவாகவே யார் மேலும் நம்பிக்கை கிடையாது. அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து வருகிறவன் மேல் அறவே கிடையாது. எண்பதாம் ஆண்டு மாசியில், படிவக் கட்டோடு செபரட்ணம் என்ற உத்தியோகத்தர் அவனது தூள் கடைக்குள் நுழைந்ததுமே, வந்திருப்பது வரிக்காரன்தான் என்று முடிவு கட்டிவிட்டான்.

"கல்முனையில உள்ள யாவாரத்தையெல்லாம் வகை பிரிக்கிறம் காக்கா. புதுச் சந்தைக் கட்டடத்தில தொழிலப் பாத்துக் கடை குடுக்கப் போறாங்க," என்றார் செபரட்ணம்.

சந்தையில் ஒரு கடை, காலிதீனின் பத்து வருட ஆசை. ஆனால் கேட்காமலே கடை தர அரசாங்கத்துக்கு என்ன பைத்தியமா? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிற கதைதான் இது.

"இது கைத்தொழிலா, வியாபாரமா, சேவையா?"

"எனக்கு ஒண்டுமில்ல சேர். நான் சும்மா நிக்கிறன்."

"அப்ப இந்த மிளகாய்த் தூள், மல்லித் தூள் எல்லாம்?"

"பொஞ்சாதிட. வீடும் அவட சீதன வீடு. வறுக்கிறதும் இடிக்கிறதும் அவதான்."

செபரட்ணம் உள்கதவுப் பக்கம் திரும்பி, அப்படியா என்று கேட்டார். திரைக்குப் பின்னால் நின்ற முனவ்வறா, "ஓம் சேர்," என்றாள். கிழமைக்கு எத்தனை றாத்தல், எந்த ஊர் மிளகாய் என்று கேட்கக் கேட்கச் சொன்னாள். இவளுக்கு ஏன் இவ்வளவு வாய் என்று காலிதீனுக்கு அவள் மேலும் சந்தேகம் வந்தது. ஆள் போனபிறகு, தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு பிளேன்டீ குடித்தான்.

மூன்று மாதத்தில் கடிதம் வந்தது. சந்தையில் நாலாம் இலக்கக் கடை; வகை: கைத்தொழில்; உரிமையாளர்: முனவ்வறா. இதில் என்ன சூது என்று காலிதீன் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். சூது ஒன்றுமில்லை. பத்து வருடம் ஆசைப்பட்ட கடை அவள் பேருக்குப் போயிருந்தது.

குசினிக்குள் போனான். "நாளைக்குக் கச்சேரிக் கந்தோருக்கு வா. பிழையாச் சொல்லிட்டம், கடை புருசன்ட எண்டு சொல்லு."

முனவ்வறா வறுத்த மிளகாயைச் சுளகில் கொட்டினாள். நெடி ஏறி இருவரும் இருமினார்கள்.

"என்ன பிழ? பதினாறு வருசத்தில ஒருக்காத்தான், அதுவும் பயத்தில, வெளி ஆளுக்கு முன்னால என்ட வேலய என்ட வேல எண்டு சொன்னீங்க. அதப் போய்ப் பொய்யெண்டு சொல்ல என்னால ஏலா."