அபா கேட்ட அனுமதி

மூச்சு மட்டும்தான் கேட்கிறது, ஈரக் கம்பளியைத் தரையில் யாரோ இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு மூச்சு, செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன், ஊட்டியில் தூறல், தார்ப்பாயின் ஓரத்திலிருந்து தோளில் சொட்டுகிறது, விற்பதற்காகத் தொங்கவிட்ட ஸ்வெட்டர்களின் நடுவே நிற்கிறேன், ஆனால் அந்த மூச்சு இங்கே இல்லை, மலைகளுக்கு அப்பால், திபெத்தில், நெடுஞ்சாலை ஓரம் வரிசையாகக் கட்டிய சிமெண்டு வீடுகளில் ஒன்றில் என் அபா சாகக் கிடக்கிறார், அபா என்றால் எங்கள் பேச்சில் அப்பா, அதனால்தானோ என்னவோ இந்த ஊரில் எந்தக் குழந்தை அப்பா என்று கத்தினாலும் இத்தனை வருடமாக நானும் திரும்பிப் பார்க்கிறேன். பேசுடா, என்கிறாள் அங்கிருந்து அக்கா யாங்சோம், காதுகிட்டதான் வெச்சிருக்கேன், சீக்கிரம் பேசு, இந்த போனை வேற யாரு கேட்டுக்கிட்டிருக்காங்களோ தெரியாது.

என்ன பேசுவது, கடைசியாக அவர் என்னோடு பேசியபோது குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே பேசினார், வழிகாட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தான், பனிக்காலத்தில்தான் எல்லைக் காவல் தளர்ந்திருக்கும் என்று அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், நான் சிறுவன், அழவில்லை, அழுதால் கண்ணீர் உறையும் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள், இங்க பள்ளிக்கூடத்துல நம்ம எழுத்தையே தொட விடமாட்டேங்கறாங்க, இந்தியாவுல சொல்லிக் குடுக்கறாங்களாம், படிச்சுட்டுப் புல்லு முளைக்கறப்ப வந்துடு, என்றார் அபா, நான் தலையாட்டினேன், இப்போதும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன், கணவாயில் முழங்கால்வரை பனி, பிறகு நேபாளம், பிறகு லாரி, ரயில், கர்நாடகத்தில் மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே அகதிகளின் பள்ளிக்கூடம், அங்கே வாயைத் திறந்தேன், வகுப்பே சிரித்தது, இவன் எருமை மாதிரி கத்தறான் மிஸ், என்றாள் ஒருத்தி, எங்கள் மேய்ச்சல் பேச்சில் மரியாதைச் சொற்கள் கிடையாது, அபாவையும் குதிரையையும் ஒரே மாதிரிதான் கூப்பிடுவோம், டீச்சர் அன்பானவர், நாம நாடில்லாதவங்க, ஒரே பேச்சா பேசினாத்தான் ஒரே ஜனமா இருக்க முடியும் கண்ணு, என்று சொல்லி லாசா நகரத்து மொழியை, ஒவ்வொரு சொல்லும் குனிந்து வணங்குகிற அந்த மொழியை, எனக்குள் ஊற்றினார், நானும் குடித்தேன், நன்றாகவே குடித்தேன், பேச்சுப் போட்டியில் பரிசுகூட வாங்கினேன். புல் முளைத்தது, பல தடவை முளைத்தது, போக வழி முளைக்கவில்லை.

நீங்க நேபாளமுங்களா சைனாவுங்களா, என்று கேட்கிறார்கள் ஸ்வெட்டர் வாங்க வருகிறவர்கள், திபெத்து என்றால், அது சைனாவுலதானுங்களே இருக்குது, என்கிறார்கள், நான் சைசு கேட்டு ஸ்வெட்டரை எடுத்துக் கொடுக்கிறேன், ஒருமுறை மட்டும் எருமை மேய்க்கும் தோடர் ஒருவர், உடம்பில் சிவப்பும் கறுப்புமாய்ப் பூவேலை செய்த போர்வை, என் கடையில் பெஞ்சு மேல் உட்கார்ந்து அப்படிக் கேட்காமல் வேறொன்று கேட்டார், அங்க உங்களுக்குப் புல்லு இருந்துச்சா, இருந்தது என்றேன், இப்ப என்றார், வேலி போட்டுட்டாங்க என்றேன், அவர் எதிரே தெரிந்த மலையைக் காட்டினார், எங்க புல்லு மேல வெள்ளைக்காரன் சீகை மரத்த நட்டுட்டுப் போனான், எருமை எங்க போகும், என்றார், வாங்கி வைத்த டீ ஆறிப்போனது.

வேலி போட வந்தவர்கள் லாசாவிலிருந்து வந்தார்களாம், முன்பு போன் பேச முடிந்த நாட்களில் அக்கா சொன்னாள், அபா அப்போதெல்லாம் போனைத் தொடமாட்டார், சீனர்கள் அல்ல, நம் முகம், நம் மொழி, ஆனால் நகரத்து மொழி, புல்வெளியைப் பாதுகாக்க வேண்டும், தாங்கள் மேய்ப்பதால்தான் அது அழிகிறது, தங்களுக்கு வீடு தருகிறோம் என்று வணக்கமாகப் பேசினார்களாம், தலைமுறை தலைமுறையாக அந்தப் புல்லிலேயே பிறந்து அந்தப் புல்லிலேயே சாகிறவர்களிடம், எங்கள் சடைமாடுகளான யாக்குகளை லாரியில் ஏற்றியபோது அபா அந்த அதிகாரியின் காலைப் பிடித்தார், அதிகாரி கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அபா, தாங்கள் பெரியவர், இப்படிச் செய்யலாகாது, என்றாராம், அதற்குப் பிறகு அபா சிமெண்டு வீட்டுக்குள் தூங்கவே இல்லை, வாசலில், லாரிப் புகையில், ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு படுப்பார்.

பேசுடா, என்கிறாள் அக்கா. அபா, என்கிறேன், தாங்கள் எப்படி இருக்கிறீர்கள், தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது. மூச்சு நிற்கிறது. பிறகு அந்தக் குரல், இத்தனை வருடம் கழித்து, நடுங்கிக்கொண்டு, ஐயா, எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டோமுங்க ஐயா, ஒரு கன்னுகூட ஒளிச்சு வெக்கல. அக்கா பதறுகிறாள், அபா, அது உன் பையன், இந்தியாவுலருந்து பேசறான், அவர் கேட்கவில்லை, சும்மா இருடி, லாசா ஐயா பேசறாரு. நான் பழைய பேச்சைத் தேடுகிறேன், பாலைக் காய்ச்சுவதற்கு என்ன சொல்வோம், குட்டியைக் கூப்பிட என்ன சொல்வோம், எதுவும் வரவில்லை, அபா, நான் தங்கள் மகன், என்றுதான் வருகிறது, அவர் அழுகிறார், நீங்க பெரிய மனசு பண்ணி அபான்னு கூப்பிடறீங்க, கிழவனுக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்க ஐயா, மலைக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு பையன் இருக்கான், அவன் ஒருதடவை வந்துட்டுப் போக அனுமதி குடுங்க. அண்ணா, இதுல சின்ன சைசு இருக்குங்களா, என்று ஒரு பெண் நீல ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணை மூடிக்கொள்கிறேன். தந்தோம், என்கிறேன், தங்கள் மகன் வரலாம், அனுமதி தந்துவிட்டோம்.

லைன் அறுந்துவிட்டது. அந்த வாரமே அக்காவிடமிருந்து கிசுகிசுப்பாய் ஒரு குரல்பதிவு, என்னடா சொன்னே அவருகிட்ட, உன் போன் வந்ததுலருந்து படுக்கவே மாட்டேன்னுட்டாரு, தண்ணி குடிக்கல, ரோட்டையே பார்த்துக்கிட்டு வாசல்ல உக்காந்துட்டாரு, பனி கொட்டுது, உள்ள தூக்கிட்டுப் போக விடல, அவன் வர்றப்ப நான் இங்கதான் இருக்கணும்னாரு, லாசா ஐயா பொய் சொல்லமாட்டாருன்னாரு, உக்காந்தபடியே போயிட்டாரு, இனிமே இந்த நம்பருக்குப் பேசாதே, எங்களையாவது விட்டுடு.

நான் பேசவில்லை, ஸ்வெட்டர் மடிக்கிறேன், மடிக்கும்போதே சாலை வந்துவிடுகிறது, ஒரே மாதிரி சிமெண்டு வீடுகள், நான் நடந்து போகிறேன், எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது, ஒரு வாசலில் மட்டும் தோல் போர்த்திய ஒருவர், என்னைக் கண்டதும் எழ முயல்கிறார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு குனிகிறார், குனியாதே என்று கத்த நினைத்து வாயைத் திறக்கிறேன், சுத்தமான லாசாப் பேச்சு வருகிறது, அவர் இன்னும் கீழே குனிகிறார்.