ஐந்தரை மணி நேரம்

“ஆத்தா, நமக்கு விடியும்போது எல்லா ஊருக்கும் விடிஞ்சிருமா?”

ஆறு வயதில் முத்துராமலிங்கம் இப்படிக் கேட்டபோது வீரலட்சுமி பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைச் சூரியன்தானே, எல்லாருக்கும் ஒன்றாகத்தான் விடியும் என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டாள். பிள்ளை பிற்பாடு பள்ளிக்கூடத்தில் சரியான விடையைத் தெரிந்துகொண்டான். அவளுக்கு அதற்கு அவசியம் வரவில்லை.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதம், தகப்பனில்லாத அந்த ஒரே பிள்ளை மேல்படிப்புக்கு லண்டன் கிளம்பினான். பம்பாயிலிருந்து கடிதம் போட்டிருந்தான். வெள்ளிக்கிழமை விடியுமுன் இரண்டு மணிக்கு விமானம். அன்று காலை ஒன்பதுக்கு லண்டன். நாலாயிரத்து ஐந்நூறு மைல். இறங்கியதும் தந்தி கொடுப்பான்.

வீரலட்சுமி விரல்விட்டு எண்ணினாள். ஏழு மணி நேரம். அம்புட்டுத்தானா என்று வெம்பக்கோட்டை முழுக்கச் சொல்லி வைத்தாள். தந்தி ஊர் வந்து சேரும்வரை பொறுக்காமல், வெள்ளிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிச் சாத்தூர் தந்தி ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. கடலுக்கு மேலேதானே பறக்கும் என்ற நினைப்பு வந்ததும் கடிதத்தை மடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். ஒரு மணிக்கு எழுந்துபோய், ஒன்பதுக்கே இறங்கியிருக்க வேண்டிய விமானம் என்ன ஆனது என்று தந்திக்காரர் அய்யாதுரையிடம் கேட்டாள். அவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். சிரிக்கவில்லை.

“அம்மா, அந்த ஒன்பது மணி அங்கத்துக் கடிகாரத்துல. அங்கன இப்பத்தான் ஏழரை. உங்க மகன் இன்னும் ஆகாசத்துலதான் இருக்காரு.”

“சூரியன் ஒண்ணுதானே சார்?”

“ஒண்ணுதான். நம்மளப் பாத்துட்டு, அஞ்சரை மணி நேரம் கழிச்சுத்தான் அவுகளப் பாக்கப் போகுது. பயணம் ஏழு மணி இல்ல, பன்னெண்டரை. நமக்கு ரெண்டரை ஆகும்போதுதான் இறங்குவாரு. மொதல்ல காப்பியைக் குடிங்க.”

இரண்டரை கழிந்து, ஆறும் ஆயிற்று. ஆபீஸ் மூடும் நேரம். அய்யாதுரை வாசல் கதவைச் சாத்தினார், அவளைப் பெஞ்சிலிருந்து எழுப்பவில்லை. மதுரைக்குத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஏழேகாலுக்குக் கருவி பேசியது. சுகமாக வந்து சேர்ந்தேன் என்பதை அவளுக்காக இரண்டு தரம் படித்துச் சொன்னார். கடைசி பஸ்ஸை விட்டுவிட வேண்டாம் என்பதற்கு மேல் வேறெதுவும் பேசவில்லை.

திங்கட்கிழமை வீரலட்சுமி ஒரு பெட்டி உளுந்தோடு வந்தாள். அவர் வேலையாக இருந்ததால் வெளியே நின்றவளிடம் பியூன் சீனிச்சாமி பேச்சுக் கொடுத்தான். சாரின் மகள் பொன்னுத்தங்கத்துக்குக் கால் விளங்கவில்லையாம். அச்சங்குளம் அம்மனுக்குப் பதினோரு வெள்ளிக்கிழமை விடாமல் விளக்குப் போடுவதாக நேர்ந்திருந்தாராம்.

“எட்டு வாரம் தவறல. அன்னைக்கு உங்க தந்திக்காக அச்சங்குளம் போற ஆறு மணி பஸ்ஸை விட்டுட்டாக. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டாக.”

வீரலட்சுமி உளுந்தை அவனிடம் கொடுத்துவிட்டுக் கடையில் அகலும் எண்ணெயும் திரியும் வாங்கினாள். அச்சங்குளம் போய் இறங்கும்போது உச்சிவேளை. சனமெல்லாம் பட்டாசு வேலைக்குப் போயிருந்தது. பூசாரியும் சாப்பிடப் போயிருந்தார். அவளே அம்மன் முன்னால் விளக்கை ஏற்றினாள்.

“தாயே, அன்னைக்கு அவுகளப் பிடிச்சு வச்சது நான்தான். அந்த வெள்ளிக்கிழமை விளக்கை நான் கொண்டாந்திருக்கேன். பொன்னுத்தங்கத்த நடக்க வையி.”

காற்று அடித்தது. சுடர் நின்று எரியும்வரை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள்.