ஆண்டியப்பன் ஊற்றிய ஆயில்

தன் படகு இன்ஜினுக்கு ஊற்றும் ஆயில் விஷயத்தில் ஆண்டியப்பன் யாரையும் நம்புவதாக இல்லை. கட்டுமாவடிக் கடற்கரையில் ஆளுக்கு ஓர் ஆயில் சொன்னார்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினால் அது விற்காமல் கிடந்த சரக்கு. மைத்துனன் ஒன்றைச் சொன்னால் அவன் இந்தப் படகின் மேல் கண் வைத்திருக்கிறான். இப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் உள்நோக்கம் கண்டுபிடிப்பதில் மட்டும் மனிதனுக்கு அலுப்பே கிடையாது.

எல்லாவற்றையும்விட உறுத்தியது பெரியண்ணன் சொன்ன ஆயில்தான். பெரியண்ணன் அவன் படகின் டிரைவர். பதினோரு வருடமாக இவனைக் கடலுக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகக் கரை சேர்க்கிறவர். இன்ஜின் கம்பெனி கொடுத்த புத்தகத்தைப் பிரித்து, ஆயிலின் கெட்டி அளவு பதினைந்து-நாற்பது என்று போட்டிருந்த இடத்தைக் காட்டினார். படகு இன்ஜினுக்கென்றே வரும் டப்பாவை வாங்கச் சொன்னார். ஆண்டியப்பன் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த டப்பா மூடிக்குள் மெக்கானிக்குகளுக்கு ஒரு கூப்பன் இருக்கும். பெரியண்ணன் அதைச் சேர்த்து வைத்து வீட்டுக்கு மிக்ஸி வாங்கியவர். வேறென்ன வேண்டும்?

தன்னை யாருக்கும் தெரியாத ஆலங்குடிக்கு பஸ் ஏறிப் போய், டிராக்டருக்கு ஊற்றும் கெட்டி ஆயில் வாங்கி வந்தான். பெரியண்ணனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பழையதை வடித்துத் தானே ஊற்றினான். அளவு பார்க்கும் கம்பியில், ஆயில் நின்ற இடத்தில் ரகசியமாக ஒரு கீறல் போட்டான். இறங்கினால் திருட்டு, டிரைவர் மாட்டிக்கொள்வார்.

இறங்கவில்லை. தினமும் பார்த்தான், கீறலிலேயே நின்றது. அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. எட்டாம் நாள் பெரியண்ணன் வந்து, ஆயில் நிறம் மாறுகிறது, இரண்டு நாள் படகை நிறுத்தி, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றிப் பார்ப்போம் என்றார். தன் ஆயிலைக் குறை சொல்லிக் கூப்பன் ஆயிலை ஊற்றவைக்கும் வேலை இது என்று ஆண்டியப்பன் முடிவு கட்டினான். நிறுத்த முடியாது என்றான்.

பத்தாம் நாள் காலை, கரை வந்ததும் கம்பியை உருவினான். கீறலுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறி நின்றது ஆயில். பால் டீ நிறத்தில் இருந்தது.

ஆயில் எங்காவது தானாக ஏறுமா? பெரியண்ணன் நல்லதை வடித்து எடுத்துக்கொண்டு கழிவு ஆயிலை ஊற்றியிருக்கிறார், அதையும் அளவு தெரியாமல் அதிகமாக ஊற்றிவிட்டார். ஆண்டியப்பனுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த இடத்தில், அவன் மனைவி பரிமளா உட்பட அத்தனை பேர் முன்னால், கம்பியை ஆட்டிக்கொண்டு கத்தினான்.

"இம்புட்டு வருசம் ஒங்கள நம்புனேன் பாருங்க, எனக்கு வேணும்."

பெரியண்ணன் பதிலுக்குக் கத்தவில்லை. "தம்பி, அதத் தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க" என்றார்.

அதில் என்ன கலந்திருக்கிறாரோ என்று ஆண்டியப்பன் தயங்கினான். பரிமளா வந்து கம்பியைப் பிடுங்கி, விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

"உப்பு" என்றாள்.

"கூலர் ஓட்டையாப் போச்சும்மா. கடத்தண்ணி உள்ள ஏறுது. இதுக்கு எந்த ஆயில ஊத்துனாலும் ஒண்ணுதான்" என்றார் பெரியண்ணன். இடுப்பிலிருந்த இன்ஜின் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். பரிமளா வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவர் அதை மீன் கூடையின் விளிம்பில் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டபடி ஊர்ப் பக்கம் நடந்தார்.

கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தார். பரிமளா புருஷனைப் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிடுவான் என்று. ஆண்டியப்பன் அவள் கையிலிருந்த கம்பியை வாங்கி, மெல்ல விரலால் வழித்து, தன் நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.