சார்ஜ் குழியில் வைத்த பொட்டு

மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் என் அண்ணன் பார்த்திபன் என் வீட்டுக்காரரிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னா மாப்ள, இன்னும் பஸ்ஸுதானா?" எனக்கு வயிறு எரியும். இந்தத் தடவை எங்கள் காரில்தான் அவனை அழைத்து வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கரண்டில் ஓடும் கார். இந்த வாரம்தான் வாங்கினோம்.

காலையில் செஞ்சிக் கோட்டை அடிவாரத்து அம்மன் கோயிலில் பூஜை போட்டோம். வண்டிக்கு முன்னால் அவர் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். நான் சந்தனம் குழைத்து, சக்கரம், ஸ்டீயரிங், பானெட் என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். சார்ஜ் போடும் குழியின் மூடியையும் திறந்தேன். வண்டிக்குச் சோறு போகிற வாய், அதை விட்டுவிட்டால் எப்படி? சந்தனமும் குங்குமமும் தாராளமாகவே அப்பிவிட்டு மூடினேன்.

சென்னை விமான நிலையம் போய்ச் சேரும்போது சார்ஜ் அடிமட்டத்தில் இருந்தது. பார்க்கிங்கில் ஏற்றினால்தான் ஊர் திரும்ப முடியும். அவர் பிளக்கைச் சொருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது; சார்ஜ் ஏறவில்லை. பிடுங்கி மறுபடி சொருகினார். மறுபடியும் சிவப்பு. பின்னால் காத்திருந்த கார்க்காரர் ஹாரன் அடித்தார். அதற்குள் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வருவதாக அண்ணனிடமிருந்து போன்.

சனியன் என் நாக்கில் வந்து உட்கார்ந்தது. "ஒரு பிளக்கு சொருகத் தெரியல, நீயெல்லாம் ஒரு ஆம்பள! எங்க அண்ணன் கேக்கறது சரியாத்தான் இருக்குது," என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். வீட்டில்கூட அவரை நான் 'நீ' என்றதில்லை.

அவர் செல்போன் டார்ச்சைக் குழிக்குள் அடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஐயோ! ஓட்டைகளை அடைத்துக்கொண்டு காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். என் கை வைத்த பொட்டு.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நறுக்கென்று நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. கைக்குட்டையை முறுக்கி மெதுவாகத் துடைத்தார். "மன்னிச்சிக்கங்க சார், என் தப்புதான்," என்று பின்னால் நின்றவரிடம் சொன்னார்.

பச்சை விளக்கு எரியவும் அண்ணன் பெட்டிகளோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றதும் கைகொட்டிச் சிரித்தான். "பஸ்ஸு ஏறினா அதுக்குள்ள பாதி வழி போயிடுவேன். இன்னா ஆச்சு மாப்ள?"

"எனக்குச் சரியா சொருகத் தெரியல மச்சான்," என்றார்.

சொல்லடி, இப்போதாவது சொல்லித் தொலையடி என்று மனசு அடித்துக்கொண்டது. "இந்த மனுசனக் கட்டிக்கினு நீ படற பாடு இருக்குதே, கவிதா!" என்று அண்ணன் என் தலையில் தட்டினான். அவனோடு சேர்ந்து நானும் சிரித்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

அவர் அண்ணனின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி டிக்கியில் அடுக்கினார். அவர் விரல் நுனியில் நான் வைத்த குங்குமம் இன்னும் போகாமல் இருந்தது.