அந்தப் பக்கத்து ஆள்

சொந்தமாக ஒரு கடை போடுவதற்குள் பார்லரக்காவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. தெருவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் பார்லரக்காதான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அடுத்தவர் கடையில் நின்றே முடி வெட்டி, நின்றே சாயம் பூசி, கால் நரம்பெல்லாம் கயிறு கயிறாகப் புடைத்துக் கிடந்தது. ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே ஒருவழியாக ஓர் அறை பிடித்தாள். கண்ணாடி மாட்டியாயிற்று, தலை கழுவும் தொட்டி வைத்தாயிற்று. நாற்காலிதான் பாக்கி.

சாதாரண நாற்காலி உதவாது. மிதியை அழுத்தினால் உயர வேண்டும்; உட்கார்ந்திருப்பவர் தலை வெட்டுகிறவள் நெஞ்சுக்கு நேராக வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் முதுகு பிழைக்கும். புதிதின் விலையைக் கேட்டதும் அவளுக்குத் தலை சுற்றியது.

"ஏலத்துல பழசு வரும். நான் பாத்துக்கறேன்" என்றார் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஏறி இறங்குகிற சாமான் எதுவானாலும் அது தன் இலாகா என்று நினைப்பவர். சாப்பிடும்போதும் ஒரு கையில் போன் வைத்துக்கொண்டு இணைய ஏலத்தில் விலை கேட்டார். ஒவ்வொரு தடவையும் கடைசிவரை அவர்தான் முன்னால் இருப்பார். முடிகிற நேரத்தில் எவரோ ஒரு துளி கூடுதலாகப் போட்டுக் கொத்திக்கொண்டு போய்விடுவார். மூன்று நாற்காலி இப்படிப் போன பிறகு, கூட வேலை செய்கிறவர் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். இதற்கென்றே ஓர் ஆப் இருக்கிறதாம். எவ்வளவு வரை போகலாம் என்று முன்னாலேயே சொல்லிவைத்தால் போதும். ஏலம் முடிய மூன்று நொடி இருக்கும்போது அதுவே விலையைப் போட்டுவிடும். மற்றவர் சுதாரித்துக்கொள்வதற்குள் கதவு சாத்திக்கொள்ளும்.

அன்றைக்கே அதில் நான்கு நாற்காலிகளைப் பதிந்துவைத்தார்.

"நாலா? கடைக்கு ஒண்ணு போதுமே?"

"நாலுல ஒண்ணு விழும்மா. நம்ம ஆள் பாத்துக்குவான். நீ போய் வேலையப் பாரு."

அந்த ஆப்பை அவர் 'நம்ம ஆள்' என்றுதான் சொல்வார். ஒன்று கிடைத்ததும் மற்றதை விட்டுவிடு என்று சொல்ல அதில் ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு தட்டுத் தட்டியிருக்க வேண்டும். அவர் தட்டவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு இடுப்பில் வலி எடுத்தது. துடித்துப்போய்விட்டார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, சிறுநீரகத்தில் கல் என்றார்கள். ஊசி போட்டதும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். பார்லரக்கா கவுன்ட்டரில் நின்று, படுக்கை காலி இல்லை என்கிறவளிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். கைப்பைக்குள் அவர் போன் அவ்வப்போது டிங் டிங் என்றது. விசாரிக்கிற சொந்தக்காரர்கள் என்று நினைத்து அவள் எடுக்கவே இல்லை.

மறுநாள்தான் பார்த்தாள். வாழ்த்துகள், வாழ்த்துகள், வாழ்த்துகள். மூன்று நாற்காலி.

"ஒண்ணு கேட்டா மூணு வாங்கி வெச்சிருக்கீங்க."

சொட்டு மருந்து ஏறும் கையை அசைக்காமல் அவர் போனை எட்டிப் பார்த்தார். அந்த நிலையிலும் முகத்தில் ஒரு பெருமை. "பாத்தியா? நான் படுத்துக் கெடக்கேன், நம்ம ஆள் வேலை செஞ்சிருக்கான்!"

"ஆமா. கல்லு வர்றது மட்டும் உங்க ஆளுக்குத் தெரியல."

நாலாவது ஏலம் முடியுமுன் அதை எடுத்துவிடச் சொல்லி, அவர் எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

திங்கட்கிழமை நாற்காலிகளைக் கொண்டுவர நாத்தனார்தான் துணை. சலவைக் கடைக்கு வேன் ஓட்டுகிறவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. துணி மூட்டைகளைக் காலையிலேயே இறக்கிவிட்டு வந்தாள்.

"எங்கண்ணன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே ஊரை வாங்கறாரு. நல்லாருந்தா நாட்டையே வாங்கியிருப்பாரு போல. ஏறுங்க அண்ணி."

முதல் நாற்காலி ஒரு கிடங்கில் கிடந்தது. நாத்தனார் ஏறி உட்கார்ந்ததும் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டு தரைவரை இறங்கிவிட்டது. அடியில் எண்ணெய் கசிந்திருந்தது. இரண்டாவதற்கு இருக்கை கிழிந்து பஞ்சு தொங்கியது. ஒரு கைப்பிடியே இல்லை. படத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் எடுத்திருந்தார்கள். இரண்டையும் படிகளில் இறக்கி வேனில் ஏற்றியபோது பார்லரக்கா நின்று நின்று காலை நீவிக்கொண்டாள். மூன்றாவதும் இப்படித்தான் இருக்கும் என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டாள்.

மூன்றாவது நாற்காலி ஒரு பார்லரில் இருந்தது. கடையை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போகிறாராம் முதலாளியம்மா. கண்ணாடிகளைக் கழற்றியாயிற்று, சுவரில் சதுரம் சதுரமாக வெளுத்த தடம். நடுவில் அந்த நாற்காலி. கறுப்புத் தோல், எங்கும் ஒரு கீறல் இல்லை. பார்லரக்கா உட்கார்ந்து மிதியை அழுத்தினாள். சத்தமில்லாமல் உயர்ந்து, நிறுத்திய இடத்தில் நின்றது. சாய்ந்துகொண்டாள். அந்த மூன்று நாளில் அவள் உடம்பு முதல்முறையாக ஓர் இடத்தில் அமர்ந்தது. எழுந்திருக்கவே மனசு வரவில்லை.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் துடைப்பத்தை வைத்துவிட்டு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கடையில் வேலை பார்த்தவள். புறங்கால் வீங்கியிருப்பதைப் பார்த்ததுமே பார்லரக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இவளும் நின்று பிழைத்தவள்தான் என்று.

"நீங்கதான் எடுத்ததா அக்கா? நானும் விலை போட்டிருந்தேன். தனியா கடை வெக்கலாம்னு."

முதலாளியம்மாவுக்குச் சங்கடமாகப் போயிற்று. "இவகிட்டயே குடுத்திருக்கலாம். ஆனா முகம் பாத்து விலை பேச எனக்கு வாய் வராது. அதான் பொதுவா ஏலத்துல போட்டுட்டேன்."

"அதனால என்னம்மா" என்றாள் அந்தப் பெண். பிறகு பார்லரக்காவிடம் திரும்பினாள். "கடைசி வரைக்கும் நான்தான் அக்கா முன்னால. கை பிசைஞ்சுட்டு உக்காந்திருந்தேன். முடியற நேரத்துல நீங்க தட்டிட்டீங்க. நீங்களும் என்னை மாதிரியே கண்ணு இமைக்காம உக்காந்திருந்தீங்களா?"

அந்த நேரத்தில் தான் எங்கே நின்றிருந்தோம் என்று பார்லரக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. "ம்... ஆமாம்மா" என்றாள்.

"அப்ப சரி. என்னைவிட ஆசைப்பட்டவங்க கைக்குத்தானே போகுது." அவள் குனிந்து நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பிடித்தாள். வேன் வரைக்கும் அவளும் சேர்ந்தேதான் தூக்கி வந்தாள். "மழைக்காலத்துல மிதி கொஞ்சம் இறுகும். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்கோங்க" என்று சொல்லி, பார்லரக்கா கேட்டதும் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

வேன் கொஞ்ச தூரம் போன பிறகு நாத்தனார் கேட்டாள். "ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?"

"உண்மையச் சொல்லி என்ன ஆகப்போகுது? நாற்காலியத் திருப்பிக் குடுக்கப் போறேனா?"

"குடுக்கலாமே. பின்னால ரெண்டு கெடக்குல்ல?"

"அது ரெண்டும் குப்பை. எனக்கு முடியல, காலு முடியல. என்னை ஒண்ணும் கேக்காத."

நாத்தனார் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் வந்ததுதான் பார்லரக்காவுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

கல் போய், கணவர் வீடு வந்தார். இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொன்னால் கேட்கிற ஆளா? கசிகிற நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். தேய்ந்துபோன வளையத்தை மாற்றினார், புது எண்ணெய் ஊற்றினார், கிழிந்த நாற்காலியிலிருந்து நல்ல திருகுகளைக் கழற்றி இதில் முடுக்கினார். ஏற்றி இறக்கிப் பார்த்தபோது தள்ளாடாமல் நின்றது. பார்லரக்கா அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

"ஒரு நாற்காலிய ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கோம்மா. காசு ஒண்ணும் வேண்டாம், வந்து எடுத்துக்கோ."

"எதுக்கு அக்கா சும்மா?"

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பார்லரக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "நான் உன்கிட்ட பொய் சொன்னேன். அன்னைக்கு நான் போனையே பாக்கல. எங்க வீட்டுக்காரர் மயங்கிக் கெடந்தாரு. ஒரு ஆப்புதான் விலை போட்டுச்சு. இந்தப் பக்கம் ஆளே இல்லம்மா."

திட்டட்டும், அழட்டும், எதுவானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று சுவரில் சாய்ந்து நின்றாள்.

"நான் யாரோ ஒருத்தர் என்னை மாதிரியே தவிச்சிட்டு உக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன்" என்றாள் அந்தப் பெண். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான். "அந்த ஆப் பேரு என்ன அக்கா?"

"எதுக்கும்மா?"

"எனக்கும் நாற்காலி வேணுமே. ரிப்பேர் பண்ணது வேண்டாம், தப்பா எடுத்துக்காதீங்க. பேரை மட்டும் சொல்லுங்க."

சொல்லாமல் இருக்க எந்தக் காரணமும் பார்லரக்காவுக்குக் கிடைக்கவில்லை. கணவரைக் கேட்டுப் பெயரைச் சொன்னாள். எப்படிப் பதிவது என்று அவரே போனை வாங்கிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கட்டத்தைத் தட்ட மறந்துவிடாதே என்று இரண்டு தடவை சொன்னார்.

கடை திறந்து சில வாரங்கள் ஆன பிறகு அவள் மறுபடி கூப்பிட்டாள். பார்லரக்கா ஒரு வயதான அம்மாளுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கெடைச்சிடுச்சு! தலை கழுவ முழுசா பின்னால சாயற நாற்காலி. ஏலம் முடியறப்ப நான் பஸ்ல தூங்கிட்டு இருந்தேன். எழுந்து பாத்தா வாழ்த்துகள்னு வந்திருக்கு."

"சந்தோஷம்மா" என்றாள். அது உண்மைதான்; அவளுக்குச் சந்தோஷம்தான். அந்த நாற்காலிக்கு இன்னும் யார் விலை போட்டிருந்தார்கள் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "கடை எப்பத் திறக்கற? சொல்லு, வர்றேன்."

போனை வைத்தபோது அந்த அம்மாள் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "யாருங்க, தங்கச்சியா?"

"இல்லீங்க. தெரிஞ்ச பொண்ணு" என்றாள் பார்லரக்கா. மிதியை ஒரு அழுத்து அழுத்தி நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, காதோரத்து முடியைச் சீப்பால் எடுத்து வெட்டத் தொடங்கினாள்.